மூலையில் ஓர் எண்

மௌஸின் வலது பக்கத்தில் ஒரு பொத்தான் இருப்பதை என் அம்மா பல வருடங்கள் கவனித்ததே இல்லை. விரல் தவறி அதன் மேல் பட்டுவிட்டால் திரையில் ஒரு பட்டியல் திறக்கும். "ஏதோ வந்து நிக்குதுடா, வந்து எடு" என்று கூப்பிடுவாள். நான் போய் வெற்றிடத்தில் ஒரு தட்டு தட்டி மூடிவிட்டு வருவேன். அவளுக்கும் அந்தப் பொத்தானுக்கும் அவ்வளவுதான் உறவு.

எனக்கு அதுதான் பிழைப்பு. கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அங்கே பக்கம் செய்பவன் நான் இல்லை. செய்ததைப் பார்த்துக் குறை சொல்பவன். பொத்தான் அழுந்துகிறதா, எழுத்து கட்டத்தை விட்டு வழிகிறதா, படம் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு அங்கே 'நொட்டை' என்று பெயர். இந்த அறைக்குள் வந்ததிலிருந்தும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் எனக்குக் கொடுத்த நாற்காலியின் பின்னங்கால் ஒன்று குட்டை. ஓர் அட்டையை மடித்து அடியில் வைத்தால் போதும்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கத்தை நிஜமாக மாற்றுவதற்கு முன், எங்கள் திரையில் மட்டும் மாற்றிப் பார்ப்போம். வலது பொத்தானை அழுத்தி இந்த வரி இல்லாவிட்டால் எப்படி இருக்கும், இந்தச் சொல் வேறாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். அசல் பக்கம் எங்கோ ஒரு கணினியில் அப்படியே இருக்கும். உலகம் முழுவதும் அதை அப்படியே வாசிக்கும். நம் கண்ணுக்கு வந்து சேரும் கடைசி முழத்தில் மட்டும்தான் மாற்றம். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பக்கத்தையும் மாற்றவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா தையல்காரி. அண்ணன் ஏ.சி. மெக்கானிக். பிறகு நான். அம்மாவுக்கு அவன் பெரியவன், நான் சின்னவன். அண்ணன் என்னை ஊமைக்கோட்டான் என்பான். வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அம்மாவின் காதில் விழும்படிகூட அவன் சொன்னதில்லை. கதவைத் திறந்து உள்ளே வரும்போது, என் பிடரியில் ஒரு தட்டு தட்டி, காதோரம் சொல்வான். "என்னடா ஊமைக்கோட்டான், இன்னைக்கு எத்தனை தப்பு கண்டுபிடிச்சே?"

அவன் செருப்பை ஒரு நாளும் நேராகக் கழற்றியதில்லை. நான்தான் நேராக்கி வைப்பேன். அவன் வேலைக்குப் போனால் ஒழுங்காகப் போவான், போகாவிட்டால் மத்தியானம் வரை தூங்குவான், திடீரென்று ஒரு நாள் காணாமல் போவான். மூன்று முறை அப்படிப் போயிருக்கிறான். ஒரு முறை பதினெட்டு நாள், ஒரு முறை ஒரு வாரம், ஒரு முறை முப்பது நாள். திரும்பி வரும்போது எங்கே போனாய் என்று அம்மா கேட்கமாட்டாள். "மெலிஞ்சுட்டியேடா" என்பாள். அவன் சிரிப்பான். வலது கன்னத்தில் குழி விழும். அதோடு கேள்வி முடிந்துவிடும்.

ஒருமுறை நான் அம்மாவிடம் சொன்னேன், நானும் ஒரு மாதம் எங்கேயாவது போய்விட்டு வரட்டுமா என்று. விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கடா போகப் போறே. நீ இருக்கிற பிள்ளை. உன்னைப் பத்தி எனக்கென்ன கவலை" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். அதைத் தவறாக எடுத்துக்கொண்டேன் என்று எழுதிவிடாதீர்கள்.

நான்காவது முறை அண்ணன் போனது முந்தைய வருடம். காலையில் பல் துலக்கிக்கொண்டே, "ஒரு ஏ.சி. தண்ணி ஒழுகுதாம், பாத்துட்டு வந்துடறேன்" என்றான். கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனான். நாற்பது நாள் ஆகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அதன் பிறகு நான்தான், ஆமாம், நான்தான், காணாமல் போனவர்களுக்கான அந்த இணையப் பக்கத்தில் அவனைப் பதிவு செய்தேன். தன்னார்வலர்கள் நடத்தும் பக்கம் அது. ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து தொலைபேசி எண்ணும் முகவரியும் போட விடமாட்டார்கள். யாருக்காவது தகவல் தெரிந்தால் கீழே பின்னூட்டமாக எழுத வேண்டும். வீட்டார் 'குடும்பத்தினர்' என்ற பெயரில் பதில் எழுதலாம். உயரம், நிறம், இடது காதுக்குக் கீழே மச்சம், மணிக்கட்டில் குழாய் சுட்ட தழும்பு எல்லாம் எழுதினேன். அம்மா பின்னால் நின்றுகொண்டு, "சிரிச்சா குழி விழும்னு போடுடா" என்றாள். போட்டேன்.

அன்றிலிருந்து அம்மாவின் நாள் பத்து மணிக்குத்தான் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் இருந்த பழைய கணினியின் முன் உட்காருவாள். கண்ணில் புரை இருந்ததால் எழுத்தைப் பெரிதாக வைத்துக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு பின்னூட்டத்தையும் விரல் வைத்து வாசிப்பாள். போனின் சின்னத் திரையில் அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான்.

யாராவது "பார்த்தேன்" என்று எழுதினால் அம்மா முதலில் அண்ணனின் நீலச் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்புவேன். மூன்று மாதத்தில் ஏழு ஊர். ஏழிலும் அவன் இல்லை. ஓர் ஊரின் பஸ் ஸ்டாண்டில் தொப்பி போட்ட ஒரு பெரியவரைக் காட்டினார்கள். அவருக்கு அறுபது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணன் இல்லைன்னா போகுது, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு டீ சொல்லுங்க" என்றார். சொன்னேன். குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"அவனா?"

"இல்லைம்மா."

"நல்லாப் பாத்தியா? தாடி வெச்சிருந்தா வேற மாதிரி தெரியும்டா."

"இவருக்குப் பல்லே இல்லைம்மா."

அவள் போனை வைக்கவில்லை. அவள் பற்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் திரும்பி வரும்போது சட்டை காய்ந்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஏழு முறை துவைத்ததில் கழுத்துப்பட்டை வெளுத்துவிட்டது. ஏழாவது முறை, நான் தனியாக வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும், அவள் சுவரைப் பிடித்தபடி சரிந்து விழுந்தாள். டாக்டர் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதிர்ச்சி கூடாது. நல்ல செய்தியா இருந்தாலும் மெதுவாச் சொல்லுங்க" என்றார். இந்த வார்த்தைகளை நான் மாற்றவில்லை. அவரைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் அதை எழுதினேன். பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பக்கத்தில் ஏதாவது ஒரு வரியின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் மூன்று புதிய வாசகங்கள் சேர்ந்திருக்கும். 'இதை மறை.' 'இதை மாற்று.' 'இவர் எழுதும் எல்லாவற்றையும் மறை.' ஒருமுறை சொல்லிவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளும். மறைத்த இடத்தில் பள்ளம் தெரியாது. கீழே இருப்பது மேலே ஏறி உட்கார்ந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் அலுவலகத்து டிசைனர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க நொட்டை சார், எங்க மாமியாரை ரைட் கிளிக் பண்ணணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர்கூடச் சிரித்தார். அதில் யாருக்கும் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அம்மாவின் கணினியிலும் என் அலுவலகக் கணினியிலும் அதைப் போட்டேன். ஒன்றில் சொன்னது மற்றதிலும் பதிந்துவிடும். பிரௌசரின் மேல் மூலையில் ஒரு சின்னச் சதுரம், அதில் ஓர் எண். எத்தனை வரிகள் மறைந்திருக்கின்றன என்று அது காட்டும். நொட்டை சொல்பவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். அம்மாவின் கணினியில் மட்டும் அந்த எண் வெளியே தெரியாதபடி வைத்தேன்.

முதலில் மறைத்தது கேலிகளை. பிறகு, "பார்த்தேன்" என்று எழுதுபவர்களை. ஏழும் பொய்யாக இருந்தபோது எட்டாவது மட்டும் எப்படி மெய்யாக இருக்கும்? எண் பன்னிரண்டானது. அம்மா காத்திருந்தாள், ஆனால் விழவில்லை. சட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

எதுவுமே புதிதாக வராமல் போனால் அவள் முகம் வாடியது. அதனால் ஒன்றை மறைக்காமல் மாற்றினேன். பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவர், 'பஞ்சர் கடை' என்ற பெயரிலேயே எழுதியிருந்தார்: "எவ பின்னாடியாவது போயிருப்பான். பசிச்சா தானா வருவான். தேடி டயத்தை வேஸ்ட் பண்ணாதீங்க." நான் அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, இப்படி மாற்றினேன்: "கவலைப்படாதீங்க அம்மா. நானும் எங்க பக்கம் கண்ணு வெச்சிருக்கேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மா சொன்னாள், "ஒரு தம்பி எழுதியிருக்குடா. என்ன மனசு பாரு. நானே பதில் போட்டுட்டேன்." ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறாள். "தம்பி உங்க நல்ல மனசுக்கு நன்றி. உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் எனக்குச் சோறு இறங்குது."

அவள் திரையில் அது அன்புக்கு நன்றி. உலகத்தின் மற்ற எல்லாத் திரைகளிலும், தன் மகனை ஏசியவனுக்கு ஒரு தாய் கைகூப்பிக்கொண்டிருந்தாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல சோதனைக்காரன் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பஞ்சர் கடைக்காரர் எழுதினார். "அம்மா, நான் எழுதினதுக்கு நீங்க திட்டியிருந்தா மறந்திருப்பேன். நன்றின்னு போட்டுட்டீங்களே. ரெண்டு நாளா சாப்பிட முடியல. மன்னிச்சுடுங்க. இனிமே நிஜமாவே தேடுறேன்."

இதை அம்மா பார்த்தால், எதற்கு மன்னிப்பு என்று கேட்பாள். அதை மறைத்தேன். அவர் இன்னொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். அப்போதுதான் மூன்றாவது வாசகத்தைத் தேர்ந்தெடுத்தேன். 'இவர் எழுதும் எல்லாவற்றையும் மறை.' நான் மாற்றி எழுதிய வரி மட்டும் அம்மாவுக்குத் தெரியும்படி விட்டுவைத்தேன். எண் பதினான்கு.

அது ஏழு மாதம் பதினான்காகவே நின்றது. அந்த ஏழு மாதத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அம்மா மெதுவாக வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வீட்டுக்குள்ளேயே இருந்தாள்தான், இருந்தாலும் திரும்பி வந்தாள். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உனக்கு முடி கொட்டி நெத்தி ஏறுதேடா, எப்போலேர்ந்து?" என்று கேட்டாள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக என் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள் என்று தோன்றியது. எனக்கு ஒரு சட்டை தைத்தாள். நீலம் இல்லை, சாம்பல். நான் கேட்காமலே தைத்தாள். தோளில் அளவு பிடிக்கும்போது அவள் விரல்கள் என் கழுத்தில் பட்டன.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, என் அலுவலகத் திரையின் மூலையில் எண் பதினைந்து ஆனது.

புதன்கிழமை பதினாறு. வியாழன் பதினேழு.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். கையில் மௌஸ் இல்லாதபோதும் நடுவிரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது, இப்போது தட்டுவதுபோல. டிசைனர், "என்ன சார், யாராவது ஓட விட்டுட்டாங்களா?" என்றாள். அந்த எண்ணின் மேல் அழுத்தினால் மறைத்தவை எல்லாம் திறக்கும். விதி போட்டது நான். ஆனால் அந்த வரிகளை மறைத்தது விதி. நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்காதது குற்றமாகாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன்.

அது சரியல்ல. முதல் நாளே திறந்து பார்த்தேன்.

பஞ்சர் கடைக்காரர்தான். "அம்மா, உங்க பையனைப் பாத்துட்டேன். சத்தியமா. கைல கம்பி கிழிச்சு தையல் போடப் போன தர்ம ஆஸ்பத்திரில, பக்கத்து வார்டுல இருக்கார். காதுக்குக் கீழ மச்சம், மணிக்கட்டுல தழும்பு, எல்லாம் சரியா இருக்கு. கால்ல அடிபட்டு சீழ் வெச்சிருச்சு. உடனே வாங்க." ஆஸ்பத்திரி இருக்கும் இடம், வார்டு, கட்டில் எண் எல்லாம் எழுதியிருந்தார்.

எட்டாவது பொய்யன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சமும் தழும்பும் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதலாம்.

இரண்டாம் நாள் எழுதினார்: "வீடு எங்கன்னு கேட்டா கண்ணை மூடிக்கிறார். அவங்களா கூப்பிட்டா வர்றேங்கறார். ரொம்ப வெக்கப்படறார் போல. ஒண்ணு மட்டும் சொன்னார். வீட்ல ஊமைக்கோட்டான் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துக்குவான்னு."

அன்று நான் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு எத்தனை முறை போனேன் என்று தெரியாது.

உடனே கிளம்பியிருக்கலாம். இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆனால் டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா. நல்ல செய்தியாக இருந்தாலும் மெதுவாக. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். மாலையில் வீட்டுக்குப் போனேன். அம்மா, "ஏண்டா முகம் ஒரு மாதிரி இருக்கு, வேலை அதிகமா?" என்று கேட்டாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. மறுநாளும் அவள் கேட்டாள்.

நான்காம் நாள்: "காலை எடுத்தாத்தான் உசுரு தங்கும்ங்கறாங்க. அவருக்கு நினைவு வந்து வந்து போகுது, அவர் கையெழுத்து செல்லாதாம். வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போடணுமாம்." ஆறாம் நாள்: "அம்மா, என் மேல இன்னும் கோவமா? என்னைத் திட்டுங்க, அவரை விட்டுடாதீங்க." எட்டாம் நாள் வெறும் கட்டில் எண்ணை மட்டும் எழுதியிருந்தார். ஒன்பதாம் நாளும் அப்படியே. எண் இருபத்துமூன்று.

காலில்லாத அண்ணனை வீட்டில் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏ.சி. மெக்கானிக் இனி ஏணி ஏற முடியாது. எங்கேயும் போக முடியாது. நிரந்தரமாக அந்தக் கட்டிலில், ஜன்னலோரம், சிரித்துக்கொண்டு. அம்மா அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவனும் இருக்கிற பிள்ளை ஆகிவிடுவான். அப்போது நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. நிதானமாகத்தான் யோசித்தேன்.

பத்தாம் நாள் பஞ்சர் கடைக்காரர் எழுதவில்லை. பதினோராம் நாள் எழுதினார். "சரிங்க. உங்க ஆள் இல்லைன்னா இல்லைதான். ஆஸ்பத்திரிலயும் அதைக் காட்டிட்டேன், வேற வீட்டைத் தேடச் சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல ஊமைக்கோட்டான்னு யாராவது இருக்காங்களா? அதை மட்டும் சொல்லுங்க." எண் இருபத்துநான்கு.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

பதினான்காம் நாள்: "இன்னைக்குக் காலைல போயிட்டார். யாரும் இல்லாதவங்களோட சேத்து எடுத்துட்டுப் போறாங்க. நான் கூடப் போறேன்." இருபத்தைந்து. அன்று நான் ஒரு பூக்கடையின் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மூன்று தவறுகள் கண்டுபிடித்தேன். மாலையில் வீட்டுக்குப் போய் சாம்பல் சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

பதின்மூன்று நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மாடி வீட்டு டீச்சர் கையில் போனோடு கீழே வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"அம்மா, இது நம்ம பெரியவர்தானே? இவ்வளவு நடந்திருக்கு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்ன டீச்சர் நடந்திருக்கு?"

டீச்சர் வாசித்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி, பஞ்சர் கடைக்காரர் எழுதியதை வரிசையாக. கட்டில் எண்ணைக்கூட விடவில்லை. பாதியில் அவர் குரல் தேய்ந்தது, நிறுத்தினார். அம்மா, "படிங்க" என்றாள். முடிந்ததும் அம்மா எழுந்து தன் கணினியைத் திறந்தாள். அதே பக்கம். அண்ணனின் அதே படம். கீழே புதிதாக எதுவும் இல்லை. போனை வாங்கி, திரையின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். போனில் இருந்த எழுத்துகள் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நிறைய எழுத்துகள் இருப்பது தெரிந்திருக்கும்.

"எதுடா நிஜம்?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒரே பக்கம்தாம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை, விழவும் இல்லை. நாங்கள் எல்லாரும் பயந்த அந்த இதயம் நின்றுவிடவில்லை. டாக்டர் சொன்னது தவறு போலிருக்கிறது. டீச்சர் மட்டும் வாசல்படியில் நின்று, என்னிடம் இல்லை, காற்றிடம் சொன்னார்: "பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டியாச்சு."

டீச்சரின் போனிலிருந்து அம்மா பஞ்சர் கடைக்காரருக்கு எழுதச் சொன்னாள். அந்தப் பக்கத்தின் விதியை மீறி எங்கள் முகவரியைப் போடச் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் வந்தார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் கறுப்பு, கையில் தையல் போட்ட வடு. அண்ணனின் கருவிப் பையைக் கொண்டுவந்திருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த ஊமைக்கோட்டான்?"

"ஆமாம்" என்றேன். அண்ணன் கூப்பிட்டபோதெல்லாம் அந்தப் பெயருக்கு நான் பதில் சொன்னதே இல்லை.

"அவர் கடைசி வரைக்கும் கதவையே பாத்துட்டிருந்தார்ங்க. என் தம்பி வந்தா ஒரு நிமிஷத்துல எல்லாத் தப்பையும் சரி பண்ணிடுவான்னு சொல்லிட்டிருந்தார்."

அம்மா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க நல்ல மனசுக்கு நன்றி தம்பி" என்றாள். மறுபடியும் அதே வார்த்தைகள். இந்த முறை சரியான இடத்தில்.

அன்று மத்தியானம் அவள் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தாள். புகார் கொடுத்தது அவள்தான் என்று கையெழுத்தைக் காட்டினீர்கள். ஊசி பிடித்த கை, எழுத்து எப்போதும் கொஞ்சம் சாயும். அவளுடையதுதான்.

இப்போது நீங்கள் என் முன் ஒரு தாளை வைத்திருக்கிறீர்கள். உங்கள் கணினியிலிருந்து அச்சடித்த தாள். பத்தாம் நாள் தேதியில் ஒரு பின்னூட்டத்துக்கு அடியில் கோடு போட்டிருக்கிறீர்கள். 'குடும்பத்தினர்' என்ற பெயரில் இருக்கிறது. "நேரில் விசாரித்துவிட்டோம். அவர் எங்கள் ஆள் இல்லை. மச்சம் வேறு பக்கம். வயதான தாயை இனியும் எழுதித் துன்புறுத்த வேண்டாம்."

ஒழுங்கான வாக்கியங்கள். எழுத்துப் பிழை இல்லை. எங்கள் வீட்டில் அப்படி எழுதக்கூடியவன் ஒருவன்தான். எழுதி முடித்ததும், அம்மாவின் கண்ணில் படக்கூடாதே என்று, அதன் மேலேயே வலது பொத்தானை அழுத்தினேன். 'இதை மறை.' கீழே இருந்தது மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மூலையில் இருந்த எண் ஒன்று கூடியிருக்க வேண்டும். நான் சொன்ன கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் எழுதியவற்றை மட்டுமே எண்ணிக்கொண்டு வந்தேன், நான் எழுதியதை எண்ணவில்லை. அன்று பிற்பகல் எனக்குக் கால் ஆடவில்லை. பல நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

அண்ணனின் கால் பிழைத்திருக்காது. அவன் பிழைத்திருப்பான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அந்த வரியால்தான் நான்கு நாள் வீணானது என்கிறீர்கள். இருக்கலாம். நான் எழுதினேன், தெரிந்தே எழுதினேன், அவன்தான் என்று தெரிந்தே எழுதினேன். இதை வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எனக்கு முன்பு தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவிடம் இந்தத் தாளைக் காட்டுவதற்கு முன், என் கணினியில் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசியுங்கள். அப்படி ஒரு வரியே அங்கே கிடையாது.